பிரிக்காத பாதி

8 பிப்ரவரி 1956, புதன்

நேற்று மாலை சட்ட வகுப்பில் ஒரு தவறு செய்தேன். ஷுஃபா கேட்டவர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டால் அந்த உரிமை யாருக்குப் போகும் என்று ஆசிரியர் எழுதச் சொன்னார். 'வாரிசுகளுக்கு' என்று எழுதினேன். அவர் அதை அடித்துவிட்டு, மஜல்லா சட்டத் தொகுப்பைத் திறந்து அந்தப் பிரிவை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். யாருக்கும் போகாது. கேட்டவரோடு அதுவும் போய்விடும். நான் சட்டத்தைப் பார்க்காமல், எனக்கு நியாயமாகப் பட்டதை எழுதியிருக்கிறேன். இந்தப் பழக்கத்தை விட வேண்டும். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்றும் தெரியவில்லை. தீர்ப்பு நாளைக் காலை.

*

வியாழக்கிழமை விடிந்துகொண்டிருந்தபோது வாஸிஃப் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதடுகளில் பிழிந்துகொண்டிருந்தான். பாதித் தண்ணீர் உள்ளே போனது. மீதி தாடையில் வழிந்தது. தாடை மழமழவென்று இருந்தது. முந்தின நாள்தான் முடிவெட்டும் அபூ ஃபவ்வாஸ் வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிட்டுப் போயிருந்தார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டாவது தன்னை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். இன்றைக்காவது முழுசாக முடிக்க விடுங்கள், நடுவில் எழுந்து ஓடிவிடாதீர்கள் என்று அபூ ஃபவ்வாஸ் கேலி செய்ததற்கு அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

"வியாழனா?" என்றார் அப்பா.

"ஆமா யாபா. வியாழன்தான்."

"குடைய எடுத்துக்க. கோர்ட்டு வராந்தா ஒழுகும்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாப்லுஸ்–ஜெனின் பேருந்தில் இருபது வருடம் டிக்கெட் சரிபார்த்த மனிதர் அவர். பேருந்தின் பின்படியில் நின்று அவர் குரல் கொடுத்தால் ஓட்டுநருக்கு ஹாரன் தேவைப்படாது என்பார்கள். அந்தத் தொண்டையில் இப்போது நீர் கட்டிய மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. எதிர் மலையின் உச்சியில் வெயில் பட்டபோது மூச்சு ஒருமுறை ஏறியது. வாஸிஃப் அது இறங்குவதற்காகக் காத்திருந்தான். பஞ்சு அவன் கையில் இருந்தது. காத்திருப்பது முட்டாள்தனம் என்று புரிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

அம்மா மரமிய்யா இலை போட்ட தேநீரோடு உள்ளே வந்தாள். அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக் குவளையை ஜன்னல் திண்டில் வைத்தாள். கணவரின் கண்களை மூடினாள். தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள். வாசலில் வந்து நின்ற தங்கை நதீரா வாயைத் திறப்பதற்குள் அம்மா போய் அந்த வாயைத் தன் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"இப்ப இல்ல," என்றாள் மெல்ல. "கோர்ட்டு முடியட்டும். அப்புறம் எவ்வளவு வேணாலும் அழுதுக்கலாம்."

வாஸிஃப் அவளையே பார்த்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"வக்கீல் சொன்னாரு. போன நோம்புக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். படிக்கிற பையன், மனசு உடைஞ்சு போயிடுவேன்னு."

தான் அவளிடம் மறைத்ததை அவன் சொல்லவில்லை. மூன்று வேளையும் அம்மா எலும்புச்சாறு வைத்து அப்பாவின் வாயில் ஊட்டியதும், வேண்டாம் என்று அவர் தலையைத் திருப்பும்போது கோபப்பட்டதும், "வியாழன் வரைக்கும், வியாழன் வரைக்கும்" என்று அவர் காதருகே முணுமுணுத்ததும் நினைவுக்கு வந்தன. அதைப் பிரார்த்தனை என்று அவன் நினைத்திருந்தான்.

*

அது பாட்டனார் கட்டிய வீடு. நடுவில் முற்றம், ஒரே படிக்கட்டு, ஒரே நிலத்தடித் தொட்டி, ஒரே கழிப்பறை. கிழக்குப் பக்க அறைகளில் வாஸிஃபின் குடும்பம் இருந்தது. மேற்குப் பக்க அறைகள் சித்தப்பா நஸ்மி குவைத்துக்குப் போன நாளிலிருந்து பூட்டிக் கிடந்தன. சுவர் வைத்துப் பிரித்துக்கொள்ளவில்லை. பத்திரத்தில் ஆளுக்குப் பாதி என்று மட்டும் இருந்தது. எந்தப் பாதி என்று இல்லை.

அந்தப் பாதியைச் சித்தப்பா, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், குவைத்தில் இருந்தபடியே அதிகாரப் பத்திரம் அனுப்பித் தானிய வியாபாரி ஹாஜி இஸ்ஸத்துக்கு விற்றுவிட்டார். ஹாஜிக்கு அதே சந்தில் கடை. வீட்டை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டும் எண்ணம் அவருக்கு நெடுநாளாக உண்டு. இன்று பாதி அவர் கைக்குப் போனால் நாளையே, இந்த வீட்டைப் பிரிக்க முடியாது, மொத்தமாக ஏலம் விடுங்கள் என்று அவர் கேட்கலாம், நீதிமன்றமும் விடும் என்று வக்கீல் உஸ்தாத் புர்ஹான் சொல்லியிருந்தார். அதைத் தடுக்க ஒரே வழி ஷுஃபா. பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்றால், மற்றப் பங்காளி அதே விலையைக் கொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விற்றது காதில் விழுந்த அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே, எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்தால் உரிமை போய்விடும்.

அப்பாவின் காதில் அது விழுந்தது அபூ ஃபவ்வாஸின் கடையில். முகத்தில் பாதி சோப்பு நுரையும் பாதி சவரமுமாக அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "அதுக்கு ஷுஃபாக்காரன் நான்! நான் கேக்குறேன்!" என்று பேருந்துக் குரலில் கத்தினாராம். கத்தியோடு நின்ற அபூ ஃபவ்வாஸையும் காத்திருந்த இன்னொருவரையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு, கழுத்தில் துண்டோடு, சந்தை வழியாக நடந்து வந்து, இந்த முற்றத்தில் நின்று இரண்டாம் முறையும் சொன்னார். அப்போது மாடியிலிருந்து பார்த்த நதீரா, அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அழுதாள். அடுத்த நாள் ஹாஜி இஸ்ஸத் அதே கடையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அப்பா அதற்குப் பிறகு அந்தக் கடைக்கே போகவில்லை. வளையல்களை விற்று, கடன் வாங்கி, விலையை நீதிமன்றத்தில் கட்டினார்கள். வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. நெஞ்சில் நீர் கோத்தது அதற்கு நடுவில்தான்.

*

வாஸிஃப் நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம் என்று அம்மா முடிவு செய்தாள். அவன் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். வக்கீல் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு எதுவும் தெரியாமல் இருப்பது அவருக்கும் நல்லது.

ஆள் இறந்தால் அவர் கொடுத்த வக்காலத்தும் செத்துவிடும் என்று எங்கோ படித்த மாதிரி வாஸிஃபுக்குத் தோன்றியது. இறந்தவருக்குக் கிடைத்த தீர்ப்பு நிற்குமா? வகுப்பு அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் தப்பாகத்தான் எழுதியிருப்பான். அவன் முற்றத்தில் இறங்கி, செய்வதற்கு வேலை வேண்டும் என்பதற்காக வாளியில் தண்ணீர் இறைத்தான். குளிப்பாட்டத் தண்ணீர் தேவைப்படும் என்பது பிறகுதான் உறைத்தது. வாளியை அப்படியே வைத்தான்.

அப்போதுதான் சந்திலிருந்து ஏறி வரும் படிக்கட்டில் சத்தம் கேட்டது.

"யா சாத்திர்!"

ஆண்கள் வருகிறார்கள், பெண்கள் தலையை மூடிக்கொள்ளட்டும் என்று கொடுக்கும் குரல். ஹாஜி இஸ்ஸத் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தார். கனத்த உடம்பு. கையில் ஒரு காகிதப் பை நிறைய எரிகோ ஆரஞ்சு. பாதி வீட்டை வாங்கியதிலிருந்து அவர் இந்த முற்றத்தில் கால் வைத்ததில்லை.

"அபூ வாஸிஃப் எப்படி இருக்காரு?"

"அப்பா தூங்குறாரு," என்றான் வாஸிஃப். சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது தான் என்பதே அவனுக்குத் தெரிந்தது.

"தூங்கட்டும். தூக்கம் நல்லது."

ஹாஜி போகவில்லை. அடுப்படிக்கு அருகே கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நோயாளியை விசாரிக்க வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியாது. அடுப்படிக்குள் நதீரா காபிப் பாத்திரத்தைக் கல்லில் வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா அவளிடம் கிசுகிசுப்பது வாஸிஃபின் காதில் விழுந்தது. சர்க்கரை போடு. நிறையப் போடு. துக்க வீட்டில் கசப்புக் காபிதான் தருவார்கள். இனிப்பு கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஹாஜி காபியை உறிஞ்சினார். கோப்பையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தன் மனைவி ஒரு வாரமாகத் தன்னோடு பேசுவதில்லை என்றார். சாகக் கிடக்கிறவரோடு என்ன வழக்கு என்று கேட்கிறாளாம். பள்ளிவாசலில் தொழுகைக்கு நின்றால் பக்கத்தில் நிற்பவர் ஒரு விரற்கடை தள்ளி நிற்கிற மாதிரி இருக்கிறதாம். இன்று தீர்ப்பு தனக்கு எதிராக வந்தால் மேல்முறையீடு செய்யலாம், அது வருடக்கணக்கில் இழுக்கும், அதுவரை அபூ வாஸிஃப் இருக்க மாட்டார், சட்டப்படி வீடு தனக்குத்தான் வரும், இதெல்லாம் தெரியும் என்றார். தெரிந்தும் இரவு தூக்கம் வரவில்லை என்றார்.

"அந்தக் கடையில நான் சொன்னது உனக்குத் தெரியுமில்ல?"

வாஸிஃப் தலையாட்டினான்.

"'பாதி வீட்டுக்குப் பாதி முகம் போதும்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." ஹாஜி கோப்பைக்குள் பார்த்தார். "வழக்கு வழக்குதான், அது வேற. ஆனா ஒரு மனுஷனை ஊரே சிரிக்கிற மாதிரி பண்ணிட்டு அவன் போயிட்டா, நாளைக்கு மறுமையில நான் என்ன பதில் சொல்றது?"

வாஸிஃப் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"நீ உள்ள போ. அவரை எழுப்பு. இஸ்ஸத் வந்திருக்கான், மன்னிப்பு கேக்குறான்னு சொல்லு. மன்னிச்சேன்னு அவர் வாயால ஒரு வார்த்தை. அது போதும் எனக்கு. இப்பவே நேரா கோர்ட்டுக்குப் போய், நான் விட்டுக்குடுத்துட்டேன், அவர் பேருக்கு எழுதிக்குங்கன்னு நீதிபதிகிட்ட சொல்லிடுறேன். தீர்ப்பும் வேணாம், மேல்முறையீடும் வேணாம்."

வாங்கியவர் மனமொத்து ஒப்படைத்தாலும் ஷுஃபா நிறைவேறும். அந்த வரி வாஸிஃபுக்குத் தெரியும். தீர்ப்பைவிட அது உறுதியானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

"என்னப்பா நிக்கிற? நான் உள்ள வந்தா அவருக்கு மூச்சு முட்டும். நீயே கேட்டுட்டு வா."

*

அறைக்குள் ஜன்னல் சாத்தியிருந்ததால் இருட்டாக இருந்தது. திண்டில் இருந்த தேநீரின் மேல் ஆடை படர்ந்திருந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டாருன்னு சொல்லு," என்றாள்.

அவன் கட்டிலைப் பார்த்தான்.

"அவரு இருந்திருந்தா மன்னிச்சிருப்பாரு, கண்ணு. நீ பொய் சொல்லல. ஒரு வார்த்தை. நம்ம தலைக்கு மேல கூரை நிக்கும். உன் தங்கச்சிய நினைச்சுப் பாரு."

மன்னித்திருப்பாரா? வாஸிஃப் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். டிக்கெட் வாங்காமல் ஏறிய சொந்த மைத்துனரை நடுவழியில் மழையில் இறக்கிவிட்டவர் அப்பா. அடுத்த பெருநாளில் அதே மைத்துனர் வீட்டுக்குத் தட்டு நிறையப் பலகாரத்தோடு முதல் ஆளாகப் போனவரும் அவர்தான். போன மாதம் ஹாஜியின் பெயர் வந்தபோது கையை ஓங்கினார். அதே வாரம், ஹாஜிக்கு இருமலாம், அவருடைய மூட்டைத் தூசிதான் காரணம் என்று தானாகவே சொல்லிக் கவலைப்பட்டார். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஹாஜி கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

அவன் கட்டிலருகே போய்க் குனிந்தான்.

"யாபா. ஹாஜி இஸ்ஸத் வந்திருக்காரு. கடையில சொன்னதுக்கு மன்னிப்பு கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

கேட்டுவிட்டு நின்றான். தாடையைச் சுற்றிய துணியின் முடிச்சு உச்சந்தலையில் முயல் காது போல விறைத்து நின்றது. கீழே சந்தில் ஒரு கழுதைக்காரன் வழி விடச் சொல்லிக்கொண்டு போனான். அம்மா ஒருமுறை அவன் பெயரைச் சொன்னாள். அவன் இன்னும் சற்று நேரம் நின்றான். பிறகு வெளியே வந்தான்.

ஹாஜி எழுந்து நின்றிருந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பதில் சொல்லல."

ஹாஜியின் முகம் சிவந்தது. "இன்னும் கோபமாத்தான் இருக்காரா?"

"இல்ல ஹாஜி," என்றான் வாஸிஃப். "விடியும்போதே போயிட்டாரு."

ஹாஜி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். இறைவனிடமிருந்தே வந்தோம் என்ற வாக்கியத்தை உதடுகள் மட்டும் அசையச் சொன்னார். கோப்பையின் அடியில் கரையாத சர்க்கரை தங்கியிருந்தது. அவர் அதைச் சாய்த்துப் பார்த்தார்.

"விடியும்போது," என்றார் கடைசியில்.

"ஆமா."

"கோர்ட்டு திறக்குறதுக்கு முன்னாடி."

"ஆமா."

அவர் கோப்பையைத் தரையில், சுவரோரமாக, யார் காலும் படாத இடத்தில் வைத்தார். அதே நேரத்தில் அடுப்படியிலிருந்து நதீராவின் அழுகை வெடித்தது. ஒரு கணம் கழித்து, அதைவிடத் தாழ்வாக, அம்மாவின் குரல் சேர்ந்துகொண்டது. முதலில் வந்தது ஒப்பாரி இல்லை. "வாஸிஃப், வாஸிஃப்" என்று அவன் பெயரைத்தான் சொன்னாள். பிறகுதான் கணவரின் பெயருக்குப் போனாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

*

அன்று எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்தவர் ஹாஜி இஸ்ஸத்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் படியில் அத்தனை வேகமாக இறங்கியதை வாஸிஃப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் மினாராவிலிருந்து அப்பாவின் பெயரை அறிவித்தார்கள். குளிப்பாட்டுகிறவர் வந்தார். கபன் துணி வந்தது. கடையாள் ஒருவனை ஹாஜி நீதிமன்றத்துக்கும் அனுப்பியிருந்தார். வழக்கைக் கூப்பிடுவதற்கு முன்பே செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

குளிப்பாட்டும்போது வாஸிஃப் தண்ணீர் ஊற்றினான். உதவிக்கு நின்ற அபூ ஃபவ்வாஸ் அப்பாவின் கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே ஒரு இடத்தில் சரியாக வழிக்கவில்லை என்று முணுமுணுத்தார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கத்தில் வாஸிஃப் இருந்தான். பின்பக்கத்தில் ஒரு தோள் ஹாஜியுடையது. மையவாடியின் வழுக்கும் மண்ணில் அவருடைய மூச்சு பின்னால் இரைந்துகொண்டே வந்தது.

திரும்பும் வழியில் உஸ்தாத் புர்ஹான் வாஸிஃபைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டார். வழக்கை மூடிவிட்டார்கள் என்றார். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றார். பிறகு தயங்கி, வேறொன்று கேட்டார். ஹாஜி காலையில் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னாராமே, அதை வேறு யாராவது கேட்டார்களா?

"நாங்க மட்டும்தான் இருந்தோம்."

"அப்ப உங்க அப்பா உயிரோட இருந்தாரா?"

வாஸிஃப் இல்லை என்று தலையசைத்தான். வக்கீல் அவன் தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது மழையைப் பற்றித்தான். வீட்டை அடையும்வரை, ஹாஜி வாக்கை மறக்க மாட்டார், விதவைக்காவது கொடுப்பார் என்று வாஸிஃப் தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தான். கபருக்கு அருகிலும், வழியிலும், தோளோடு தோள் நின்ற எந்த இடத்திலும் ஹாஜி அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இவனாலும் கேட்க முடியவில்லை.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிழக்கு அறைகள் பெண்களால் நிறைந்துவிட்டன. ஆண்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பேருந்துக் கம்பெனி ஓட்டுநர்கள், மாலை வகுப்பு ஆசிரியர், சந்துக்காரர்கள். தூறல் வலுத்தது. நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தினார்கள். நகர்த்திய இடத்திலும் நனைந்தது. வந்தவர்கள் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் குல்லாவைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்கள். வாஸிஃபுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது ஹாஜி இஸ்ஸத் எழுந்தார். முற்றத்தைக் கடந்து மேற்குப் பக்கம் போனார். அங்கியின் உள்பையிலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்தார். பூட்டு துருவேறியிருந்தது. இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. ஒருவர் தீக்குச்சி கிழித்து உயர்த்திப் பிடித்தார். கதவு உள்பக்கமாகத் திறந்தபோது, நெடுநாள் அடைந்து கிடந்த அறையின் வாசனை முற்றத்துக்கு வந்தது.

ஆட்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். யாரோ விளக்கு கொண்டுவந்தார்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் ஹாஜி என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு நுழைந்தார்கள். இப்படி ஒரு அண்டை வீட்டுக்காரர் கிடைக்க வேண்டுமே என்று ஒரு கிழவர் சொன்னார். ஹாஜி கதவருகே நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்டினார். துடைக்காத தூசிக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

துக்கம் வாங்க வேண்டியவன் வாசலருகே நிற்க வேண்டும். வாஸிஃப் நிலைப்படிக்கு வெளியே, தாழ்வாரம் இல்லாத இடத்தில் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தான். மழை சட்டைக் காலருக்குள் இறங்கியது.

ஹாஜி அதைக் கவனித்தார். அவன் கையைப் பிடித்தார். அவர் கை சூடாக இருந்தது. கண்கள் கலங்கியிருந்தன.

"உள்ள வாப்பா, நனையாத," என்றார். "உன் வீடு மாதிரி நினைச்சுக்க."

வாஸிஃப் உள்ளே போனான்.

எல்லோரும் போன பிறகு அவன் கோப்பைகளைக் கழுவ அடுப்படிக்குப் போனான். அம்மா ஏற்கெனவே கழுவிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு துணியை எடுத்துத் துடைக்க நின்றான். அவள் கழுவிய கோப்பைகளை அவன் கையில் கொடுக்காமல் கல்மேல் கவிழ்த்து வைத்தாள். அவன் அங்கிருந்து எடுத்துத் துடைத்தான். கடைசிக் கோப்பை வரை அப்படியே நடந்தது.

"ஒரு வார்த்தைதான் சொல்லச் சொன்னேன்," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

*

9 பிப்ரவரி 1956, வியாழன்

இன்று அப்பா இறந்தார். எழுத நிறைய இருக்கிறது. எதையும் சரியாக எழுத வரவில்லை.

நாளை: காலையில், ஜும்மாவுக்கு முன், ஹாஜி இஸ்ஸத்தைக் கடையில் பார்த்து, துக்கம் முடியும்வரை இன்னும் இரண்டு நாளைக்கு அந்த அறையைத் தரும்படி கேட்க வேண்டும்.